படிவம் 7-ஐத் தாக்கல் செய்தீர்களா? பதிவு பெற்ற நலச் சங்கங்களின் சட்டக் கடமைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியிருப்போர் நலச் சங்கங்கள் எழுதும் கடிதங்களைத் தங்கள் நாளிதழில் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எரியாத தெருவிளக்கு, மூடப்படாத மழைநீர் வடிகால், வராத குடிநீர் லாரி என்று பிறர் செய்யத் தவறியவற்றைப் பற்றி எங்களைப் போன்ற சங்கத்தினர் நிறைய எழுதியிருக்கிறோம். சட்டப்படி நாங்களே செய்ய வேண்டியவற்றைப் பற்றி எழுதிய கடிதம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. சென்னைப் புறநகரில் உள்ள ஒரு நகர் நலச் சங்கத்தில் செயலாளராக இருந்த அனுபவத்தைக் கொண்டு அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

2019-ஆம் ஆண்டு நான் பொறுப்பேற்றபோது, எனக்கு முன்பு இருந்தவர் ஓர் இரும்புப் பீரோவின் சாவியையும் ‘செயலாளர்’ என்று பொறித்த ரப்பர் முத்திரையையும் கொடுத்துவிட்டு, “எல்லாம் உள்ளேயே இருக்கிறது சார்” என்றார். உள்ளே ரப்பர் வளையம் போட்ட ரசீதுக் கட்டுகளும், ஓரம் செல்லரித்த தீர்மானப் புத்தகமும், 1994-இல் பெற்ற பதிவுச் சான்றிதழின் மங்கிய நகலும் இருந்தன. அந்தச் சான்றிதழை ஃபிரேம் போட்டுச் சமூகக் கூடத்தின் சுவரில் மாட்டியிருந்ததால், எங்கள் சங்கம் பதிவு பெற்ற சங்கம் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. மறு ஆண்டு மே மாதம் ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் எரிந்துபோனது. வங்கிக் கணக்கில் நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. ஆனால் காசோலையில் கையெழுத்திடும் உரிமை பெற்றிருந்த இருவரில் ஒருவர் காலமாகிவிட்டார், மற்றவர் மகனோடு கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். கையெழுத்தாளர்களை மாற்ற வேண்டுமானால், தற்போதைய நிர்வாகக் குழுவின் பெயர்கள் பதிவாளர் அலுவலகத்தில் கோப்பில் ஏறியிருப்பதற்கான சான்று வேண்டும் என்று வங்கியில் கேட்டார்கள். பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்றபோதுதான், 2008-க்குப் பிறகு எங்கள் சங்கத்திலிருந்து ஒரு தாளைக்கூட யாரும் தாக்கல் செய்யவில்லை என்பது தெரிந்தது. அந்தக் கோடையில் வீடு வீடாகச் சென்று ஆயிரம் ஆயிரமாகத் திரட்டி மோட்டாரை மாற்றினோம். கோப்பைச் சரிசெய்து, விடுபட்ட ஆண்டுகளின் கணக்குகளைத் தணிக்கை செய்து, எங்கள் பணத்தை நாங்களே எடுக்கும் நிலைக்கு வர பதினான்கு மாதங்கள் ஆயின.

இதில் அரசு அலுவலகத்தின் மீதோ வங்கியின் மீதோ நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்டது சட்டம் கேட்பதைத்தான். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பொறுப்பில் இருந்தவர்கள் அனைவரும் நல்லவர்கள். ஒரு ரூபாயைக்கூடத் தமக்கென்று எடுத்துக்கொள்ளாதவர்கள். நேர்மையாக இருந்தால் போதும், சங்கம் சட்டப்படி நடப்பதாகவே ஆகிவிடும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை தவறு என்பதைச் சொல்லத்தான் இக்கடிதம்.

தமிழ்நாட்டில் சங்கங்களைக் கட்டுப்படுத்துவது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமும், அதன்கீழ் 1978-இல் வகுக்கப்பட்ட விதிகளும் ஆகும். குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, சங்க அமைப்புக் குறிப்பையும், சங்கம் நடக்க வேண்டிய முறையைச் சொல்லும் துணை விதிகளையும் எழுதிப் பதிவு செய்துகொண்டால், அந்தச் சங்கம் சட்டத்தின் பார்வையில் தனியொரு ஆளாகிவிடுகிறது. தன் பெயரில் சொத்து வாங்கலாம், ஒப்பந்தம் செய்யலாம், வழக்குத் தொடுக்கலாம். அதன் மீதும் வழக்குத் தொடுக்கலாம். தலைவர் மாறினாலும், உறுப்பினர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போனாலும் சங்கம் இருந்துகொண்டே இருக்கும். சங்கம் பட்ட கடனுக்காக உறுப்பினர் ஒருவரின் வீட்டுக் கதவை யாரும் தட்ட முடியாது என்பது இதனால் கிடைக்கும் பெரும் பாதுகாப்பு. ஆனால் சட்டத்தால் பிறந்த இந்த ஆளுக்குக் கையோ வாயோ கிடையாது. நிர்வாகக் குழுதான் அதன் கையும் வாயும். எனவே அது செய்ய வேண்டிய ஒவ்வொன்றையும் குழுவில் இருக்கும் மனிதர்கள்தான் செய்தாக வேண்டும்.

அந்தக் குழுவில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். அவர்களின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது; மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம், ஆனால் தேர்தல் இன்றித் தொடரக் கூடாது. “வேறு யாரும் முன்வரவில்லை, அதனால் நாங்களே இருக்கிறோம்” என்று பத்தாண்டுகள் தொடரும் குழுக்களை நான் அறிவேன். அவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டி, அதே பெயர்களையே முறைப்படி தேர்ந்தெடுத்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். குழுவில் ஏற்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று மாதத்துக்குள் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும். அதற்கான தாள்தான் படிவம் 7. எங்கள் பீரோவில் அதன் வெற்றுப் படிவங்கள் ஒரு கட்டு இருந்தன, பூர்த்தி செய்தது ஒன்றுகூட இல்லை. இத்துடன் உறுப்பினர் பதிவேட்டை நாளது தேதி வரை வைத்திருப்பதும், ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டித் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கை அதன் முன் வைப்பதும், அந்தக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்வதும் கட்டாயம்.

துணை விதிகளைத் திருத்துவதில் நிகழும் தவறு இன்னும் பரவலானது. 2011-இல் எங்கள் பொதுக்குழு, வாடகைக்குக் குடியிருப்போரும் வாக்குரிமையுள்ள உறுப்பினராகலாம் என்று கைத்தட்டலோடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. நல்ல தீர்மானம்தான். ஆனால் துணை விதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: இன்ன திருத்தம் வரப்போகிறது என்று குறிப்பிட்டு 21 நாட்களுக்குக் குறையாத முன்னறிவிப்புத் தந்து கூட்டிய கூட்டத்தில், வந்திருக்கும் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். அப்படி நிறைவேறிய பிறகும் பதிவாளர் அதைப் பதிவு செய்தால்தான் திருத்தம் நடைமுறைக்கு வரும். எங்களுடையது பதிவாகவே இல்லை. அதன் பொருள், எட்டாண்டுகளாக நாங்கள் சந்தா வாங்கி வாக்களிக்க வைத்த இருபதுக்கும் மேற்பட்ட வாடகைக் குடும்பத்தினர் சட்டப்படி உறுப்பினர்களே அல்லர் என்பதாகும். அவர்களில் ஒருவரிடம் இதை விளக்கியபோது, “அப்படியானால் என் பெயரை எதற்காகப் பதிவேட்டில் எழுதினீர்கள்?” என்று அவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றது இன்றும் என் நினைவில் இருக்கிறது. திருத்தத்தை முறைப்படி மீண்டும் நிறைவேற்றிப் பதிவு செய்த பிறகே அவர்களைச் சேர்த்தோம்.

தாள்களைத் தாக்கல் செய்யாத சங்கத்தில் சண்டை மூண்டால் நிலைமை மோசமாகும். இரு அணியினர் தனித்தனியே பொதுக்குழு கூட்டி, இரண்டு செயலாளர்களும் தனித்தனியே படிவம் 7-ஐக் கொண்டுவந்து நீட்டும் காட்சி பதிவாளர் அலுவலகங்களில் புதிதன்று. பதிவாளர் மேலோட்டமாக விசாரித்துக் கோப்பில் ஏற்கலாம். தேர்தல் செல்லுமா என்பதை முடிவாகத் தீர்க்கும் அதிகாரம் உரிமையியல் நீதிமன்றத்துக்கே உண்டு. நிர்வாகக் குழுவின் பெரும்பான்மையோரோ உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ கேட்டுக்கொண்டால், சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி பதிவாளர் சங்கத்தின் நிர்வாகம் குறித்து விசாரணை நடத்தலாம், தாமாகவும் நடத்தலாம். நிர்வாகம் சீர்குலைந்த சங்கத்துக்குத் தனி அலுவலரை நியமிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. அந்த நிலை வந்தபின், தெருவில் ஒரு குழல் விளக்கு மாற்றுவதற்கும் அந்த அலுவலரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போது பல நகர்களில் மாதச் சந்தா பொருளாளரின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு ஜி-பே மூலமாகச் செல்கிறது. அவர் நாணயமானவராகவே இருக்கலாம். ஆனால் சங்கத்தின் வருவாய் தனிமனிதர் ஒருவரின் கணக்கில் அவருடைய சம்பளத்தோடும் பென்ஷனோடும் கலந்துவிட்டால், நாளை வருமான வரித்துறை கேட்கும்போது எது யாருடையது என்று பிரித்துக்காட்டுவது அவருக்கே கடினம். திடீரென்று அவர் இறந்துபோனால் அந்தப் பணமும் அவருடைய வாரிசுகளின் கைக்குச் சென்றுவிடக்கூடும். சங்கத்தின் பெயரில் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் மட்டுமே பணம் வர வேண்டும்.

சந்தாவுக்கு வருமான வரி இல்லை என்பதை எல்லாரும் அறிந்திருக்கிறார்கள். உறுப்பினர்கள் தமக்குள் திரட்டித் தமக்கே செலவிடும் பணம் வருமானமாகாது என்பதே அதன் அடிப்படை. ஆனால் அந்தப் பணத்தை வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டுப் பெறும் வட்டிக்கு இந்த விலக்கு பொருந்தாது என்று பெங்களூர் கிளப் வழக்கில் 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் செகந்திராபாத் கிளப் வழக்கிலும் அதையே உறுதிசெய்தது. எங்கள் கட்டட நிதியின் வட்டிக்கு நாங்கள் வரிக்கணக்கே தாக்கல் செய்ததில்லை. பான் எண்ணை வங்கியில் கொடுக்காததால் அந்த வட்டியில் 20 விழுக்காடு பிடித்தமாகி வந்ததைக்கூட எவரும் கவனிக்கவில்லை. தெருவுக்குச் சிமெண்ட் கல் பதிக்கும் ஒப்பந்ததாரருக்கோ காவலாளிகளை அனுப்பும் நிறுவனத்துக்கோ, சட்டம் குறித்த வரம்பைத் தாண்டிப் பணம் கொடுக்கும்போது வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுக்க வேண்டும். நாம் சிறிய அமைப்புதானே என்று விட்டுவிட முடியாது; பதிவு பெற்ற சங்கங்களைச் சட்டம் பெயர் சொல்லியே இந்தக் கடமைக்குள் சேர்த்திருக்கிறது. தவறினால் செயலாளரையும் பொருளாளரையும் முதன்மை அலுவலர் என்ற நிலையில் வைத்துத்தான் துறை கேள்வி கேட்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, ஒரு வீட்டின் மாதப் பராமரிப்புக் கட்டணமும் 7,500 ரூபாயைத் தாண்டினால் வரி விழும். தாண்டிய தொகைக்கு மட்டும்தான் வரி என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. எங்களைப் போன்ற சிறு நகர்களுக்கு இது பொருந்தாது என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

நகருக்குள் பிள்ளையார் கோயில் இருந்து, குடமுழுக்குக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வருமானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் ஒருவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே தெருவில் பிறந்து வளர்ந்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட இன்னொருவர் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். ஒன்றிய அரசின் அனுமதியின்றி அதைச் சங்கம் பெறுவது குற்றம். அவர் நம் ஊர்ப் பிள்ளை, நம் வேட்டியைக் கட்டிக்கொண்டு தேர் இழுத்தவர் என்பதெல்லாம் உண்மைதான். சட்டம் பார்ப்பது கடவுச்சீட்டை மட்டும்தான். இப்படி வந்த ஒரு தொகையை நாங்கள் திருப்பி அனுப்பினோம். அனுப்பியவரின் தாயார் எங்கள் உறுப்பினர். அவருடைய மனவருத்தம் ஆற வெகுநாள் ஆயிற்று.

இதுவரை சொன்னவற்றில் தவறினால் அபராதமும் அலைச்சலும் வழக்கும்தான். உயிரையே பறிக்கக்கூடிய ஒன்றும் சங்கங்களின் கையில் இருக்கிறது. சமூகக் கூடத்தின் கழிவுத் தொட்டி நிரம்பிவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழுவில் ஒருவர் ஏற்பாடு செய்த இரண்டு பேர் கயிறும் வாளியும் கொண்டு வந்து மூடியைப் புரட்டினார்கள். கழிவுநீர் லாரியைவிட ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைவு என்பதே அந்த ஏற்பாட்டுக்குக் காரணம். அவர்களில் இளையவர் சட்டையைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டுக் காலைத் தொட்டிக்குள் வைக்கப்போன நேரத்தில், எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “உள்ளே வாயு இருக்கும் தம்பி, இறங்காதே” என்று கூறிவிட்டு, எங்களைப் பார்த்து, “உங்கள் பிள்ளையாக இருந்தால் இறக்குவீர்களா?” என்று கேட்டார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அது சட்டப்படி குற்றம் என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

கையால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, கழிவுநீர்ச் சாக்கடையையோ மலக்கழிவுத் தொட்டியையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எவரையும் எவரும் அமர்த்தக் கூடாது என்கிறது. அரசு நிறுவனம், தனியார், சங்கம் என்ற வேறுபாடு அதில் இல்லை. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அது பிணையில் விட முடியாத குற்றம். இத்தகைய பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஆட்களை அழைத்து வந்தவர் ஒப்பந்ததாரர், நாங்கள் பணம் மட்டும்தான் கொடுத்தோம் என்ற வாதம் எங்களைக் காக்காது. 14420 என்ற எண்ணை அழைத்து உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை வரவழைப்பது ஒன்றே வழி. அந்த எண்ணைத் தொட்டியின் மூடிக்கு அருகில் சுவரில் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நகரிலும் இதைச் செய்யும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நகரின் சாலைகளும் பூங்காவுக்கென ஒதுக்கிய இடமும் மனைப்பிரிவு ஒப்புதலின்போதே தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குச் சென்றுவிட்டவை. சங்கம் அவற்றைப் பராமரிக்கலாம், ஆனால் உரிமை கொண்டாட முடியாது. தெருமுனையில் இரும்புக் கதவு போட்டு இரவில் பூட்டுவதும், பூங்கா இடத்தில் சங்க அலுவலகம் கட்டுவதும் பொதுக்குழுவின் ஏகமனதான தீர்மானத்தாலும் சட்டப்படியானவை ஆகிவிடா.

“சம்பளம் வாங்காமல் ஊருக்கு உழைக்கிறோம், எங்களுக்கு ஏன் இவ்வளவு சட்டம்?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் உள்ள அலுப்பை நான் உணர்ந்தவன். அலுவலகம் முடிந்து வந்து இரவு பதினொரு மணி வரை ரசீது எழுதியவன். ஆயினும், நம்மிடம் இருப்பது நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கொடுத்த பணம். நாம் வாங்காத சம்பளத்தை அதற்கு ஈடாகக் காட்ட முடியாது. கணக்குக் கேட்கும் உறுப்பினரை விரோதியாகப் பார்க்கும் பழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. அவர் கேட்பது அவருடைய உரிமை. பதிவாளரிடம் தாக்கலான ஆவணங்களைக் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்த்து நகல் பெறலாம் என்றிருக்கும்போது, நம் சொந்த உறுப்பினரிடம் மறைப்பதில் என்ன இருக்கிறது? அதுபோலவே, குழு உறுப்பினர் ஒருவரின் மைத்துனருக்கு ஒப்பந்தம் கொடுப்பதானால், அந்த உறவைக் கூட்டத்தில் சொல்லி, அவர் வாக்களிக்காமல் விலகி நின்றதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். இதைச் சட்டம் வரிவரியாகச் சொல்லியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பதிவுத்துறைக்கும் சில வேண்டுகோள்கள் உண்டு. துறையின் இணையதளம் வழியாகவே சங்க ஆவணங்களைத் தாக்கல் செய்யும் வசதி இப்போது இருப்பது பெரிய உதவி. அதனுடன், ஒரு சங்கம் ஆண்டுதோறும் எந்தெந்தத் தேதிக்குள் எதைத் தர வேண்டும் என்பதை எளிய தமிழில் நான்கு பக்கத்துக்கு அச்சிட்டுப் பதிவுச் சான்றிதழோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். குழுவின் மூன்றாண்டுக் காலம் முடிவதற்கு முன்னால் செயலாளரின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். எங்களைப் போல் பல ஆண்டுகள் விட்டுவிட்ட சங்கங்கள் தாமாக முன்வந்து கோப்பைச் சரிசெய்துகொள்ள, குறைந்த கட்டணத்தில் ஒருமுறை வாய்ப்பளிக்க வேண்டும். கெட்ட எண்ணம் இல்லாமல் தவறியவர்கள்தான் இதில் மிகுதி என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் சங்கத்தில் இப்போது பொறுப்பு இன்னொருவரிடம் இருக்கிறது. நான் அவருக்குச் சாவியோடு சேர்த்து ஒரு பட்டியலையும் கொடுத்தேன்: பதிவுச் சான்றிதழின் சான்றிட்ட நகல், பதிவான துணை விதிகள், உறுப்பினர் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ஆண்டுவாரியாகத் தணிக்கை அறிக்கைகள், கடைசியாகக் கொடுத்த படிவம் 7-இன் ஒப்புகைச் சீட்டு, பான் எண் அட்டை, வரிக்கணக்குகள், வங்கிக் கையெழுத்தாளர்களின் பெயர்கள், அடுத்த தேர்தலின் தேதி. ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, இருவரும் கையெழுத்திட்டோம். அந்தப் பட்டியல் இரும்புப் பீரோவின் கதவுக்கு உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. அடுத்து வருபவரும் அதைச் சரிபார்த்து, அதற்குக் கீழே தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு நகர் நலச் சங்கத்தின் முன்னாள் செயலாளர்,
சென்னைப் புறநகர்.